பொம்மை ரயில் மலை ஏறுமா?

வீட்டுத் தரையில் பொம்மை ரயில் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தண்டவாளத் துண்டுகளை வட்டமாக இணைத்து, எஞ்சினுக்குப் பின்னால் நாலைந்து பெட்டிகளைக் கோத்து விட்டால் அது சளைக்காமல் சுற்றிச் சுற்றி வரும். சிறிது நேரத்தில் நமக்கு வேறோர் ஆசை பிறக்கும். பாதையில் ஒரு பாலம் கட்ட வேண்டும். ரயில் அதில் ஏறி, கீழே கிடக்கும் பாதையைக் கடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். இந்த ஆசையோடுதான் தொல்லையும் வந்து சேர்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் பேட்டையில் எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகன், புத்தகங்களை அடுக்கி அவற்றின் மேல் தண்டவாளத்தைச் சாய்த்து வைத்தான். சாய்வின் நீளம் 60 செ.மீ.; உயரம் 9 செ.மீ. ஐந்து பெட்டிகளுடன் எஞ்சின் அடிவாரம் வரை நன்றாக வந்தது. தன் உடலளவு தூரம் ஏறியது. பிறகு ரயில் நின்றுவிட்டது. சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன.

"ஏற மாட்டேங்கு மாமா. மோட்டாருக்குச் சத்து பத்தல. இன்னும் ரெண்டு செல் சேத்துப் போடுவமா?" என்றான். நானும் யோசிக்காமல் தலையாட்டினேன். கூடுதல் செல்களை இணைத்ததும் சக்கரங்கள் முன்னைவிட வேகமாகச் சுழன்றன. ரயிலோ ஓர் அங்குலமும் நகரவில்லை. சற்று நேரத்தில் மோட்டாரிலிருந்து கருகிய வாடை வந்தது. இயற்பியல் ஆசிரியர் வீட்டில் நடக்கக் கூடாத விபத்துத்தான்!

மோட்டார் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சக்கரம் சுழல்கிறது என்றால் அதைச் சுழற்றப் போதிய சக்தி மோட்டாருக்கு இருக்கிறது என்றுதானே பொருள்? எஞ்சினிடம் இல்லாமற்போனது சக்தி அன்று; பிடிப்பு.

பிடிப்பும் சிக்கனமும்

நாம் நடக்கும்போது பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. பாசி படிந்த படித்துறையில் இது நடப்பதில்லை, கால் வழுக்குகிறது. தாமிரபரணியில் குளிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஞ்சினின் சக்கரமும் இப்படித்தான் தண்டவாளத்தைப் பின்னோக்கித் தள்ளி முன்னேறுகிறது. அதற்கு உதவுவது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள உராய்வு.

இந்த உராய்வுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. சக்கரம் தண்டவாளத்தை எவ்வளவு எடையுடன் அழுத்துகிறதோ, அதில் ஒரு குறிப்பிட்ட பங்குதான் அது. உலர்ந்த எஃகின் மேல் எஃகு என்றால் சுமார் கால் பங்கு. மழையில் நனைந்தாலோ எண்ணெய்ப் பசை படிந்தாலோ அது பத்தில் ஒரு பங்காகவும், அதற்குக் கீழும் இறங்கிவிடும். பேருந்தின் ரப்பர் டயருக்கும் உலர்ந்த தார்ச் சாலைக்கும் இடையே இது பத்தில் ஏழு பங்குவரை இருக்கும்.

அப்படியானால் ரயிலுக்கு ஏன் வழுக்கும் எஃகைத் தேர்ந்தெடுத்தார்கள்? விடை சிக்கனத்தில் இருக்கிறது. கடினமான சக்கரம் கடினமான தண்டவாளத்தில் உருளும்போது இரண்டும் அதிகம் நசுங்குவதில்லை. ஆகவே சமதளத்தில் ஒரு டன் எடையுள்ள ரயில் பெட்டியை மெதுவாக இழுத்துச் செல்ல ஏறத்தாழ 2 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். ஒரு டன் லாரிக்கு இதைப்போல் பல மடங்கு தேவை. எந்தக் கடினத்தன்மை பயணத்தை இவ்வளவு மலிவாக்குகிறதோ, அதுவே பிடிப்பையும் குறைத்துவிடுகிறது. சமதளத்தில் இது நமக்கு லாபமான பேரம். அதற்கான விலையை ஏற்றத்தில் கொடுக்க நேர்கிறது.

எப்படி என்று பாருங்கள். 100 மீட்டர் ஓடும்போது 1 மீட்டர் உயரும் பாதையை '100-க்கு 1' சரிவு என்கிறோம். கண்ணுக்கு அது சரிவாகவே தோன்றாது. ஆனால் ஒரு டன் பெட்டியின் எடையில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 கிலோ, அதைப் பின்னோக்கி இழுக்கிறது. முன்பிருந்த 2 கிலோவுடன் சேர்த்து 12 கிலோ. அதாவது ஆறு மடங்கு!

இப்போது 120 டன் எடையுள்ள ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். எல்லாச் சக்கரங்களும் மோட்டாரால் சுழற்றப்படுபவை. பிடிப்பு கால் பங்கு என்றால் அது அதிகபட்சம் 30 டன் விசையுடன் இழுக்கலாம். இந்த விசை சமதளத்தில் 15,000 டன் ரயிலுக்குப் போதும். 100-க்கு 1 சரிவில் 2,500 டன்னுக்குத்தான் போதும். 37-க்கு 1 சரிவில் சுமார் 1,030 டன். இவை எஞ்சினின் எடையும் சேர்ந்த கணக்கு. நடைமுறையில் பாதுகாப்புக் கருதி இன்னும் குறைவாகவே ஏற்றுவார்கள். மோட்டாரின் ஆற்றலை இரட்டிப்பாக்கினாலும் இந்த எண்கள் மாறா. எங்கள் வீட்டில் கருகிய மோட்டார் கற்பித்த பாடம் இதுவே.

ஒரு பலகை, இரண்டு சோதனைகள்

உங்கள் பொம்மை ரயிலின் பிடிப்பையும், உருளும்போது ஏற்படும் தடையையும் நீங்களே அளக்கலாம். தேவையானவை ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகை, அதன் மேல் பொருத்திய தண்டவாளம், ஓர் அளவுகோல், சமையலறைத் தராசு. அவ்வளவுதான்.

முதல் சோதனை: எஞ்சினை மட்டும் பலகையின் மேல் வையுங்கள். மோட்டார் ஓடக் கூடாது. சுழற்றப்படும் சக்கரங்கள் தாமாக உருண்டால் ஒரு காகிதத் துணுக்கைச் செருகி அவற்றை நிறுத்துங்கள். பிறகு பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். எந்த உயரத்தில் எஞ்சின் வழுக்கி இறங்குகிறது? எங்கள் எஞ்சின் (மோட்டாரை மாற்றிய பிறகு!) 20 செ.மீ. உயரத்தில் வழுக்கியது. 100-க்கு 20, அதாவது பிடிப்பு எஞ்சின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. சில எஞ்சின்களில் இரண்டு சக்கரங்களை மட்டுமே மோட்டார் சுழற்றும். மற்றவை சும்மா உருளும். கவலை வேண்டாம்; இந்தச் சோதனையில் அந்தக் குறையும் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இரண்டாம் சோதனை: இப்போது ஒரு பெட்டியை வைத்து, மிகமிக மெதுவாக உயர்த்துங்கள். பலகையை விரலால் லேசாகத் தட்டியதும் பெட்டி ஒரே சீரான வேகத்தில் உருண்டு இறங்கும் உயரத்தைக் குறியுங்கள். எங்களுக்கு 2 செ.மீ. கிடைத்தது. அதாவது உருளும் தடை பெட்டியின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எங்கள் எஞ்சினின் எடை 200 கிராம். ஒரு பெட்டி 80 கிராம். பிடிப்பு, 200-இல் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 40 கிராம் எடைக்குச் சமமான விசை. சமதளத்தில் ஒரு பெட்டிக்குத் தேவை 1.6 கிராம். ஆகவே 25 பெட்டிகளை இழுக்கலாம்.

சரிவு 100-க்கு 4 என்றால்? எஞ்சின் தன்னையே தூக்கிக்கொண்டு ஏற 8 கிராம் போய்விடும். மீதி 32. ஒரு பெட்டிக்குச் சரிவுக்காக 3.2, உருளுவதற்காக 1.6, ஆக 4.8 கிராம். 32-ஐ 4.8-ஆல் வகுத்தால் ஆறு பெட்டிகள். சரிவு 100-க்கு 10 என்றால் இரண்டே பெட்டிகள். 100-க்கு 20 என்றால் எஞ்சின் தனியாகவே வழுக்கத் தொடங்கும்.

எங்கள் புத்தகப் பாலத்துக்கு வருவோம். 60-க்கு 9 என்பது 100-க்கு 15. எஞ்சின் ஏறவே 30 கிராம் வேண்டும், மீதி 10. ஐந்து பெட்டிகளும் சமதளத்தில் இருந்தவரை அவற்றுக்கு 8 கிராம் போதுமானதாக இருந்தது. எனவே எஞ்சின் ஏறியது. முதல் பெட்டி சரிவில் கால் வைத்ததும் அதற்கு மட்டும் 13.6 கிராம் தேவைப்பட்டது. பிடிப்பு விட்டுப்போயிற்று. எஞ்சின் சரியாகத் தன் உடலளவு தூரம் ஏறி நின்றது தற்செயல் அன்று, கணக்கு அப்படி.

பையனிடம் இதை எழுதிக் காட்டினேன். "அப்போ பாலத்த நீட்டினாப் போதும்லா மாமா?" என்றான். ஆம், அதே 9 செ.மீ. உயரத்தை 225 செ.மீ. தூரத்தில் அடைந்தால் சரிவு 100-க்கு 4. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பாதை நீண்டது. ஐந்து பெட்டிகளும் ஏறின.

மறுநாள் மீண்டும் ஏறவில்லை! ரயில் இன்னும் நன்றாக ஓடட்டும் என்று அவன் சக்கரங்களுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தான். அச்சில் படும் எண்ணெய் உருளும் தடையைக் குறைக்கும், அது நல்லது. சக்கரத்தின் விளிம்பில் படும் எண்ணெய் பிடிப்பைக் குறைக்கும், அது கெடுதல். துணியால் தண்டவாளத்தையும் விளிம்புகளையும் துடைத்த பிறகே ரயில் மலை ஏறியது.

பொம்மையைவிட உண்மை ரயிலுக்குக் கடினம்

இங்கே ஒரு வேடிக்கை. 25-க்கு 1 சரிவில் எங்கள் பொம்மைப் பெட்டிக்குத் தேவையான விசை, சமதளத்தில் தேவைப்பட்டதைப்போல் மூன்று மடங்கு. உண்மையான பெட்டிக்கோ 2 கிலோ, 42 கிலோவாகிறது, 21 மடங்கு! பொம்மையின் அச்சுகள் பிளாஸ்டிக் துளைகளில் உரசிச் சுழல்கின்றன. ஆகவே அதற்குச் சமதளமே ஓர் ஏற்றம்தான். கூடுதலாக ஒரு மலை வந்தால் பெரிதாகத் தெரிவதில்லை. சமதளத்தில் சுகமாக ஓடிப் பழகிய உண்மை ரயிலுக்குச் சிறு மேடும் பெரும் பாரமாகிறது. பொம்மை ரயிலில் 30-க்கு 1 சரிவு சர்வ சாதாரணம். உண்மையில் அத்தகைய சரிவை மலைகளில் மட்டுமே, அதுவும் தனி ஏற்பாடுகளுடன்தான் காண்போம்.

மலையை வென்ற வழிகள்

எங்கள் பேட்டை நிலையத்தைக் கடக்கும் ரயில், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டைவரை அதிகச் சிரமமின்றிச் செல்கிறது. அதற்கு மேல் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. 1904-இல் திறக்கப்பட்ட செங்கோட்டை–புனலூர்ப் பாதை, குகைகள், பாலங்கள் வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடக்கிறது. கழுதுருட்டி அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தை நீங்கள் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். மீட்டர் பாதையாக இருந்தபோதும், 2018-இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்ட பிறகும், இந்த மலைப் பகுதியில் ரயிலின் பின்னால் இன்னோர் எஞ்சினைச் சேர்த்துத் தள்ளியதுண்டு. மும்பை–புணே பாதையில் கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடையே சரிவு 37-க்கு 1; அங்கும் இதே முறைதான். எஞ்சின்கள் இரண்டானால் தண்டவாளத்தை அழுத்தும் எடை இரட்டிக்கும், பிடிப்பும் இரட்டிக்கும். பின்னாலிருந்து தள்ளுவதால் பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளின் மேல் விழும் இழுப்பும் குறைகிறது.

இரண்டாம் வழி, பாதையை நீட்டுவது. நாங்கள் கூடத்தில் செய்ததுதான். நீட்ட இடமில்லாவிட்டால் சுற்ற வேண்டும். இலங்கையின் மலைநாட்டில் பதுளைக்குச் செல்லும் பாதையில் தெமோதரை என்ற நிலையம் இருக்கிறது. அங்கே பாதை மலையைச் சுற்றி வளைந்து, அந்த நிலையத்துக்கு அடியிலேயே ஒரு குகை வழியாகச் செல்கிறது. 44-க்கு 1 என்ற சரிவை மீறாமல் உயரத்தைச் சமாளிக்கக் கண்ட உபாயம் இது. ஒரு தோட்டத்துக் கங்காணி தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துப் பொறியாளருக்கு இந்த யோசனை உதித்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, தலைப்பாகை நல்ல உவமைதான். 1881-இல் திறக்கப்பட்ட டார்ஜிலிங் ரயிலிலும் இத்தகைய சுற்றுகள் உண்டு. அங்கே பாதை வழுக்கும்போது எஞ்சினின் முன்புறம் அமர்ந்திருக்கும் ஊழியர்கள் தண்டவாளத்தில் மணல் தூவிப் பிடிப்பை ஏற்படுத்துவார்கள்.

மூன்றாம் வழி, உராய்வை நம்பாமலே ஏறுவது. அதைக் காண மேட்டுப்பாளையத்துக்குப் போக வேண்டும். 1899-இல் குன்னூர்வரை திறக்கப்பட்ட நீலகிரி மலை ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சுமார் 20 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் ஏறுகிறது. மிகச் செங்குத்தான சரிவு 12.28-க்கு 1. அங்கே ஒரு டன்னுக்குச் சுமார் 83 கிலோ விசை வேண்டும். முன்பு சொன்ன 120 டன் எஞ்சின், மழையில் பிடிப்பு பத்தில் ஒரு பங்காகும்போது, தன் எடையும் சேர்த்து 145 டன்னைத்தான் நகர்த்த முடியும். தன்னைச் சுமந்தது போக 25 டன்; ஒரு பெட்டிக்குக்கூடக் காணாது! அந்தக் கால நீராவி எஞ்சின் இதைவிட மிகச் சிறியது. ஆனால் விகிதம் ஒன்றுதான்.

ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்தார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏணி ஏறுவதுபோல் ஏறுகின்றன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும். எனவே எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லாவது கவ்வியிருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இந்தப் பாதையின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் சாதாரணச் சக்கரங்களுக்கு இரண்டு உருளைகளும் பல்சக்கரங்களுக்குத் தனியாக இரண்டு உருளைகளும் உண்டு. குன்னூருக்கு மேல் உதகைவரை சரிவு குறைவு. அங்கே பல் பட்டை இல்லை. அதே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பேருந்து எந்தப் பல்சக்கரமும் இல்லாமல் ஏறுகிறதே என்று கேட்பீர்கள். ரப்பர் டயரின் பிடிப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், விடை கிடைத்துவிடும்.

ஏறினால் போதுமா?

ஏறிய ரயில் இறங்கவும் வேண்டும். பிரேக் பிடித்தால் நிற்பதும் அதே உராய்வினால்தான். ஏற்றத்தில் பிடிப்பு விட்டால் ரயில் நிற்கும். இறக்கத்தில் பிடிப்பு விட்டால் ரயில் நிற்காது. அதனால்தான் நீலகிரி ரயிலில் பல் பட்டைப் பகுதியில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோட முடியாது. பெட்டிகளிலும் பிரேக் போடத் தனி ஊழியர்கள் நிற்பார்கள். மலைப் பாதை அமைத்தவர்கள் ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

உங்கள் பாதைக்குச் சில யோசனைகள்

முதலில் இரு சோதனைகளையும் செய்து, கணக்குப் போட்ட பிறகே பாலத்தைக் கட்டுங்கள். 100-க்கு 3 அல்லது 4 நல்ல அளவு.

சரிவைத் திடீரென்று தொடங்காதீர்கள். 100-க்கு 1, 2, 3 என்று படிப்படியாக உயர்த்துங்கள். இல்லையேல் அடிவாரத்தில் கொக்கி கழலும்; உச்சியில் எஞ்சினின் வயிறு தட்டும்.

சரிவும் கூர்மையான வளைவும் ஒரே இடத்தில் சேரவேண்டாம். வளைவில் சக்கரத்தின் ஓரம் தண்டவாளத்தில் உரசுவதால் தடை கூடும். இந்திய ரயில்வேயும் வளைவுகளில் சரிவைக் குறைத்தே பாதை போடுகிறது. வளைவின் கூர்மையைப் பாகையில் சொல்வது வழக்கம். அகலப் பாதையில் ஒவ்வொரு பாகைக்கும் 0.04 சதவீதம் குறைப்பார்கள்.

பிடிப்புப் போதாவிட்டால் எஞ்சினுக்குள், சுழற்றப்படும் சக்கரங்களுக்கு மேலே, தூண்டில் ஈயக்குண்டுகளை வைத்துக் கட்டுங்கள். எங்கள் எஞ்சினில் 100 கிராம் சேர்த்தால் பிடிப்பு 20 கிராம் கூடும்; 100-க்கு 4 சரிவில் அந்த ஈயத்தையே தூக்க 4 கிராம் போகும்; 16 கிராம் மிச்சம். அதாவது இன்னும் மூன்று பெட்டிகள். பெட்டிகளில் ஈயம் வைத்தால் பலன் நேர்மாறு. சைக்கிள் வால்வு டியூபிலிருந்து மெல்லிய வளையம் வெட்டிச் சக்கரத்தில் மாட்டினாலும் பிடிப்பு கூடும். ஆனால் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக மின்சாரம் எடுக்கும் எஞ்சினாக இருந்தால் எல்லாச் சக்கரங்களுக்கும் ரப்பர் மாட்டிவிடாதீர்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. டார்ஜிலிங்கைப் பார்த்து மணல் மட்டும் தூவ வேண்டாம்; பல்சக்கரங்கள் பாழாகிவிடும்.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு கணக்கு. எஞ்சின் 250 கிராம். பெட்டி 60 கிராம். எஞ்சின் 100-க்கு 24-இல் வழுக்குகிறது. பெட்டி 100-க்கு 3-இல் உருள்கிறது. 100-க்கு 5 சரிவில் எத்தனை பெட்டிகளை இழுக்கலாம்? பத்து என்று விடை வந்தால் மறுபடியும் போட்டுப் பாருங்கள். பத்தாவது பெட்டியைக் கட்டினால் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். அப்போது கூடுதல் செல்லைத் தேடாதீர்கள். ஒரு பெட்டியைக் கழற்றிவிடுங்கள்.